பாதிக் கதையை ஃபார்வர்டு பண்ணாதீங்க, தோழர்களே!

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலைத் தாண்டி நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போறோம். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. நம்பி பிராமணர் இல்லை, வணிகர் குலம். காஞ்சிப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர். ராமானுஜரே அவரை ஆசானாக மதித்தார். அவர் உண்ட மிச்சத்தைத் தானும் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார்.

ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ராமானுஜரின் மனைவி உடனே அந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, குளித்துவிட்டு, வேறு சமையல் செய்தார். இது நாம் கட்டிய கதை இல்லை. வைணவ மரபே சொல்லும் கதை.

இப்போ வாட்ஸ்அப்பைப் பாருங்க. ஒருத்தர் முதல் பாதியை மட்டும் போட்டு, "பார்த்தீங்களா, நம்ம பக்தியில சாதியே இல்லை"ன்னு சொல்றார். இன்னொருத்தர் ரெண்டாம் பாதியை மட்டும் எடுத்து, "எல்லாமே ஏமாத்து"ன்னு முடிச்சிடுறார். நம்ம பக்கத்து ஆட்களும் சில நேரம் இதைச் செய்றோம். ஒத்துக்குவோம்.

ரெண்டு பாதியையும் சேர்த்துப் படிக்கக் கத்துக்கொடுத்தவர் வரலாற்றாசிரியர் ஆர். சம்பகலட்சுமி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, பிறகு டெல்லி ஜே.என்.யு.வில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். 2024 ஜனவரியில் மறைந்தார். எத்தனை பேர் அன்னைக்கு ஒரு பதிவு போட்டோம்?

ஆழ்வார், நாயன்மார் பக்தியைப் பற்றி அவர் எழுதிய முக்கியமான கட்டுரை ஒன்று. பக்தியாகவும் எதிர்ப்புக் குரலாகவும் தொடங்கியது எப்படி ஆதிக்கமாக மாறியது என்பதுதான் அதன் கேள்வி. தொடக்கத்தில் சாதிப் பெருமையைக் கேள்வி கேட்ட குரல் அதில் உண்மையிலேயே இருந்தது. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அரசர்கள் ஆதரித்தார்கள், கோயில்கள் பெருகின, நிலமும் செல்வமும் கோயிலைச் சுற்றிக் குவிந்தன. பாட்டில் இருந்த சமத்துவம் நில உரிமைக்கும் ஊர் அமைப்புக்கும் இறங்கி வரவில்லை.

இதுக்கு ஆதாரம் எங்கே? கல்லிலேயே இருக்கு. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த கல்வெட்டில், வரி விலக்கு பெற்ற இடங்களின் பட்டியல் வருது. அதில் ஊர்நத்தம் இருக்கு, குளம் இருக்கு. பறைச்சேரி தனியா இருக்கு. தீண்டாச்சேரி என்ற சொல்லே இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்!

ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டு படித்த நொபொரு கராஷிமா (1933–2015), நம்ம எ. சுப்பராயலு போன்றோர் சோழர் காலத்து வரிச் சொற்களையும் ஆட்பெயர்களையும் ஒவ்வொன்றா எண்ணி அட்டவணை போட்டாங்க. கடமை, குடிமை, அந்தராயம், எச்சோறு, வெட்டி. வெட்டி என்றால் கூலி இல்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை. இன்னைக்கும் "வெட்டி வேலை"ன்னு சொல்றோமே, அந்தச் சொல்லுக்குள்ள யாரோ ஒருத்தரோட வியர்வை இருக்கு.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டத்திருத்தம் வந்தது 1970-ல். முறையா பயிற்சி முடித்த 24 பேர் ஒரே நேரத்தில் அர்ச்சகர் பணி ஆணை வாங்கியது 2021-ல். நடுவில 51 வருஷம். நம்பியை வணங்குவது சுலபம். நம்பி மாதிரி ஒருத்தரைக் கருவறைக்குள்ளே விடுறதுதான் கஷ்டம். சம்பகலட்சுமி சொன்னது இதைப் புரிஞ்சுக்க உதவும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தோழர்களுக்கு ரெண்டு வேண்டுகோள்.

ஒன்று: சோழர் பெருமை பேசுங்க, தப்பில்லை. கட்டினவன் பேரைச் சொல்லும்போது வெட்டி வேலை செய்தவனையும் சொல்லுங்க. ஆதாரம் இல்லாத ஃபார்வர்டை நம்ம குரூப்பிலேயே நிறுத்துங்க.

இரண்டு: திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் போல நம்ம பகுதிப் பழைய கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. திருப்பணி நடக்கும்போது பெயிண்ட், சிமென்ட், மணல் வீச்சு எதுவும் அந்த எழுத்தைத் தொடாம பார்த்துக்கோங்க. தொட்டால் படம் எடுத்து, கோயில் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. பக்தரும் வரலாம், பகுத்தறிவாளரும் வரலாம். சுவர் ரெண்டு பேருக்கும் பொது.

அந்த எழுத்து அழிஞ்சா, மிஞ்சப் போறது வாட்ஸ்அப் வரலாறு மட்டும்தான்.

#கல்லைமுழுசாபடிப்போம் #சம்பகலட்சுமி