மறுப்புரைக்கு இடமில்லா மன்றங்கள்

2018 பெப்ரவரி 26ஆந் திகதி, அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுகின்றது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிலிருந்தது வெறும் மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். அதற்கிடையில் முகநூல் அவ்வதந்தியை நாடெங்கும் கொண்டு சென்றிருந்தது. மார்ச் முதல் வாரத்தில், வீதித் தகராறொன்றில் தாக்குண்ட சிங்களச் சாரதியொருவர் இறந்ததையடுத்து, திகனயிலும் கண்டி மாவட்டத்தின் பிறவிடங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

வதந்தி நமக்குப் புதியதன்று. 1983 யூலை இறுதியில், புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டனர் என்ற வாய்ச்செய்தி தமிழுயிர்களைப் பலிகொண்டதை நாமறிவோம். ஆயின் இன்றைய நிலைமையிற் புதியதோர் அம்சமுண்டு. சந்தியிற் பேசப்படும் பொய்யை அவ்வழியே செல்லும் அயலவனொருவன் கேட்டு மறுத்தல் கூடும். முகநூற் குழுவிலோ வட்ஸ்அப் குழுவிலோ அயலவனுக்கு அனுமதியில்லை. உள்ளிருந்து ஐயமெழுப்புவோனும் துரோகியென நீக்கப்படுகின்றான். எஞ்சியோர் ஒருவரையொருவர் விஞ்சிப் பேசியே தீவிரமடைகின்றனர்.

இதனைத் தற்செயலெனக் கொள்வதற்கில்லை. தீவிரவாதக் குழுக்களில் நிகழ்ந்த சேர்க்கையில் 64 சதவீதம் தனது பரிந்துரைக் கருவிகளால் நிகழ்ந்ததென முகநூல் நிறுவனத்தின் உள்ளக ஆய்வொன்று 2016இலேயே கண்டிருந்தது. இதனை 2020இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை வெளிப்படுத்திற்று. இலங்கை வன்செயல்களில் தன் தளம் வகித்த பங்கிற்காக அந்நிறுவனம் அதே ஆண்டு மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று. மக்களின் கவனத்தை விற்று இலாபமீட்டும் மூலதனத்துக்கு வெறுப்பும் ஒரு சரக்கே.

அரசோ 2018இல் சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் முடக்கிற்று. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இயற்றிற்று. எது பொய்யெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைப்பின், முதலில் நெரிபடுவது விமர்சனக் குரலே. பொய்யுரைத்த ஆட்சிகளை நாம் கண்டிலமா?

கற்றோராகிய நாமும் இக்குற்றத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். நமது குழுக்களிலும் பிற சமூகத்தவரை இழித்துரைக்கும் செய்திகள் வருகின்றன. பொய்யென அறிந்தும், நண்பரின் பகைக்கு அஞ்சி வாளாவிருக்கின்றோம். ஆய்வுக் கட்டுரையில் அடிக்கொரு சான்று கேட்கும் விரிவுரையாளரும் அங்கே வாய்திறப்பதில்லை. இதற்கு ஆதாரம் யாதெனத் தன் பெயரோடு வினவும் ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் வேண்டும். அவ்வொரு வினாவைக் கேட்கும் துணிவையேனும் தராத கல்வியால் இந்நாட்டு மக்களுக்கு என்ன பயன்?