பங்குக்கு உழைப்பவர்கள்

கடியப்பட்டணம் முதலான குமரிக் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கச் செல்வோரையும் ‘பாரின்காரர்’ என்றே நாம் எண்ணுகிறோம். ஈரான் போன்ற இடங்களில் இவர்களுக்கு மாதச் சம்பளமன்று, மீன்பாட்டில் பங்குதான். பாடில்லாத மாதத்தில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றுமிராது. கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்துவிட்டால், நினைத்தபோது ஊர் திரும்பவும் இயலாது.

2020 கொரோனா முடக்கத்தில் ஈரானில் சிக்கிய தமிழக மீனவர் பலர் படகுகளிலேயே நாள் கழித்தனர். அவ்வாண்டு ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுசேர்த்தது. நன்றிக்குரிய செயல். ஆயினும், குடியகல்வு அனுமதி பெறவேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் அன்று ஈரான் இடம்பெறவில்லை. புறப்படுமுன் பங்கையும் ஒப்பந்தத்தையும் அரசு சரிபார்த்தாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை. புலம்பெயர் இலக்கியம் பேசும் நாமும் இவர்களைப் புலம்பெயர்ந்தோராகக் கருதத் தொடங்கவேண்டும்.