வாலிபர் பேச்சும் தமிழ் எழுத்தும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி முதலிய ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாஷையைக் குறித்துப் பெரியோர்கள் மிகவும் வருந்துகிறார்கள். எதற்கெடுத்தாலும் 'கெத்து' என்கிறார்களாம். 'வேற லெவல்' என்கிறார்களாம். ஒருவனை வாயடைத்துவிட்டால் அது 'சம்பவம்'. புத்தி சொல்ல வந்தவருக்கோ 'பூமர்' என்று பட்டஞ் சூட்டுகிறார்கள். (அமெரிக்காவில் இரண்டாவது மகா யுத்தத்துக்குப் பின் பிறந்தவர்களைக் குறித்த சொல் அது; இங்கே முப்பது வயதுக்காரரும் தப்புவதில்லை.) வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூலமாய்க் காவேரிக் கடைமடைக் கிராமம் வரையில் பரவும் இச்சொற்களால் தமிழ் நாசமாகிவிடுமென்பது அவர்களுடைய பயம். அப்பயத்துக்கு ஆதாரம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஒரு கூட்டத்தார் தமக்கு மட்டும் விளங்கும்படி சொற்களை ஆளுவது நமது நாட்டுக்குப் புதியதன்று. நன்னூலார் அதற்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே இடங் கொடுத்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் உரைகாரர் காட்டும் உதாரணங்கள். பொற்கொல்லருக்குப் பவணந்தியார் மறுக்காத உரிமையைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு நாம் மறுப்பானேன்? 2016-ம் வருஷத்தில் 'கெத்து' என்ற சினிமாவுக்கு, அப்பெயர் தமிழன்று என்று கேளிக்கை வரிவிலக்கு மறுக்கப்பட்டு, விவகாரம் சென்னை ஹைகோர்ட்டு வரையில் சென்றது. ஒரு சொல்லின் குலங் கோத்திரத்தை வக்கீல்கள் வாதிக்கும்படி செய்துவிட்டுப் பிள்ளைகளைக் குறைகூறுவது வேடிக்கை.

நமது கவலை வேறு. சொல் எதுவாயினும், பிள்ளைகளிற் பலர் அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். அவ்வெழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. காவேரிக் கரைக்கும் வேஷ்டிக் கறைக்கும் பேதமில்லை. 2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பாடசாலைகளில் படிப்படியாகக் கட்டாயமாக்கிற்று. ஆயினும், பரீட்சைக் காகிதத்துக்குத் தமிழ் எழுத்து, சிநேகிதனுக்கு இங்கிலீஷ் எழுத்து என்று பிரித்துக்கொண்டவனுக்குப் பரீட்சை முடிந்த மறுநாள் எது மிஞ்சும்?

1928-ல் துருக்கியில் கமால் பாஷா சட்டம் செய்து, அரபு எழுத்தை நீக்கி ரோமன் எழுத்தைப் புகுத்தினார். பின்வந்த தலைமுறைக்குப் பாட்டனார் எழுதிய கடிதம் படிக்க முடியாத காகிதமாயிற்று. அங்கே சர்க்கார் உத்தரவு வேண்டியிருந்தது. இங்கே ஒருவரும் உத்தரவிடாமலே காரியம் நடக்கிறது. கும்பகோணம் காலேஜில் ஆசிரியராயிருந்துகொண்டே உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஏடு சிதைந்திருந்தாலும் எழுத்து தமிழெழுத்தாயிருந்தது. அதே ஊரில் பிள்ளைகளுக்கு அச்சிட்ட பக்கமே அந்நியமாகிவிடலாமா?

பழியைப் பிள்ளைகள் மீது போடுவதற்கு நாம் உடன்படோம். கைபேசியில் தமிழ் எழுத்துப்பலகை இருக்கிறது. அதைத் திறந்துகாட்டிய ஆசிரியர் எத்தனை பேர், தகப்பனார் எத்தனை பேர்? ரயில்வே ஸ்டேஷன் பலகையிலுள்ள ஹிந்தி எழுத்தின்மீது தார் பூசப் புறப்படும் தொண்டர்களிலேயே, புறப்படும் நேரத்தை இங்கிலீஷ் எழுத்துத் தமிழில் சகாக்களுக்கு அனுப்புவோர் உண்டு. டெல்டா ஜில்லாக்களின் தமிழாசிரியர்கள் வாரத்துக்கு ஒரு வீட்டுப் பாடத்தைக் கைபேசியில் தமிழெழுத்தில் அடித்து வரும்படி கொடுக்கட்டும். கெத்தும் சம்பவமும் அதில் தாராளமாக வரட்டும். தொண்டர்கள் இன்று மாலைக் கூட்டத்துக்கு அனுப்பும் அழைப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.