ராத்திரி 2 மணிக்கு எந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஓடுகிறது?

"சிஸ்டத்தை ராத்திரி ஓட விடுங்க, எல்லாம் தானா நடக்கும்" என்று அறிவுரை சொல்லும் நண்பர்களே, ஐப்பசியில் ஒரு நாள் திருவனந்தபுரம் வாங்க. மத்தியானம் மேகம் திரண்டதும் எங்கள் தெருவில் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான். துலாவர்ஷத்து இடி அப்படி. எங்கள் வீட்டுப் பொட்டி ஓடுவதே தினம் ஒன்றரை மணி நேரம், மகளின் ஹோம்வொர்க் முடியும் வரை. அப்புறம் தங்கமணி மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். அதில் என்ன தப்பு?

தப்பு என்னுடையது. ஆபீசில் சர்வரோடு ஆணி பிடுங்கும் புத்தியில், போட்டோக்களை நகலெடுக்கும் வேலையைக் கிரானில் ராத்திரி 2 மணிக்குக் குறித்து வைத்தேன். அந்த நேரத்தில் பொட்டி அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை விட்டதுதான். பிறகு ஓட்டாது, புகாரும் சொல்லாது. எட்டு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் செத்தபோது ஒரு நகல்கூட இல்லை. அப்பா பேத்தியைத் தூக்கி வைத்திருந்த படங்கள் போயே போச்சு. அப்பாவும் இப்போது இல்லை. வெளியூரில் பிழைக்கும் நமக்கு ஊர் முகங்கள் எல்லாம் அந்தப் பொட்டிக்குள்தானே இருக்கின்றன?

1970களில், அணைக்கவே அணைக்காத பெரிய கணினிகளுக்காக வந்த பழக்கம் இது. டெபியனில் தினசரி வேலைக்குக் கிரான் குறித்திருக்கும் நேரம் காலை 6:25. அப்போது நம் வீட்டில் ஓடுவது மிக்ஸி!

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது: அனாகிரான். அது மணி பார்க்காது, நாள் கணக்கு மட்டும் பார்க்கும். கடைசியாக வேலை முடிந்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு, பொட்டி எழுந்ததும் ஒரு நாள் கடந்திருந்தால் 5 நிமிஷம் பொறுத்து ஓட்டும். வார வேலைக்கு 7 நாள், 10 நிமிஷம். ஆனால் நீங்கள் தனியாகக் கிரானில் எழுதியதை அது தொடாது. உங்கள் ஸ்கிரிப்டை 'கிரான் டெய்லி' அடைவில் போட வேண்டும். பெயரில் புள்ளி இருந்தால் டெபியன், உபுண்டுவில் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். லேப்டாப் பேட்டரியில் இருந்தாலும் வழக்கமாக ஓடாது. விண்டோஸ்காரர்கள் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையைச் சீக்கிரம் ஓட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். அதுவும் முதலில் காலியாகத்தான் இருக்கும்.

ஏன் காலி? 2001-ல் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது இந்த ஊரில்தான். இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள். அதே சிஸ்டம் வீட்டுக்கு வரும்போது வீட்டு வழக்கத்துக்கு அதுதான் வளைய வேண்டும். சுவிட்சை அணைப்பவரைத் திட்டாதீர்கள்.

இன்றைக்கே உங்கள் கடைசி நகலின் தேதியைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.