கொச்சிக்கு அரை நாள் போதுமா?

போன வாரம் பூங்காவில் நடைப்பயிற்சி முடித்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் சுற்றுலாக் கம்பெனி கொடுத்த காகிதத்தை நீட்டினார். ஐந்து நாள் கேரளப் பயணம். மூணாறு இரண்டு நாள், தேக்கடி ஒரு நாள், ஆலப்புழையில் படகு வீடு ஒரு நாள். கொச்சிக்கு மட்டும் அரை நாள். அந்த அரை நாளில் சீன வலை, யூதர் கோயில், மட்டாஞ்சேரி அரண்மனை மூன்றையும் பார்த்து முடித்து மாலை ரயிலைப் பிடித்துவிட வேண்டும்.

"நீங்க அங்கே மூணு வருஷம் குப்பை கொட்டினவராச்சே, அரை நாள் போதும்தானே சார்?" என்றார்.

"போதாது" என்றேன்.

"அப்படி என்ன சார் இருக்கு?"

அதற்குப் பதில் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற அளவில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் என் பக்கத் தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1984 முதல் 1987 வரை மட்டாஞ்சேரியில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தேன். குடியிருப்பு எர்ணாகுளத்தில். காலையில் படகில் வந்து மாலையில் படகில் திரும்புவேன். வியாபாரிகளுக்கு நாங்கள் சரக்கின் மேல் கடன் கொடுப்போம். மாதம் ஒருமுறை அந்தச் சரக்கு இருக்கிறதா என்று கிடங்குக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை. மிளகு, சுக்கு, மஞ்சள். ஓட்டுக் கூரைக்குக் கீழே மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். எண்ணுவேன், நோட்டில் எழுதுவேன், தும்மிக்கொண்டே வெளியே வந்துவிடுவேன். அந்த மூட்டைகளைச் சுமந்து அடுக்கிய மனிதர்கள் பக்கத்திலேயே நின்றிருப்பார்கள். ஒருவர் முகமும் இன்று என் நினைவில் இல்லை. மூட்டைக் கணக்கு மட்டும் தவறியதே இல்லை.

என் மனைவி அப்போதே மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர் ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த ஞாயிறு போகலாம்" என்பேன். என் கிளையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். மூன்று வருஷத்து ஞாயிறுகள் போனதே தெரியவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது, சேலத்துக்கு மூட்டை கட்டினோம்.

2017 ஜனவரியில், நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் காலைக் காப்பியோடு சொன்னாள்: "ஏங்க, உங்க அடுத்த ஞாயிறு முப்பது வருஷமா வரலை. நானே டிக்கெட் போட்டுட்டேன். நாலு நாள்."

அவள் போக நினைத்தது கொச்சி முசிரிஸ் பினாலேவுக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்துவதாகத் திட்டமிட்டுத் தொடங்கிய கலைக் கண்காட்சி அது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் முயன்று 2012 டிசம்பர் 12 அன்று ஆரம்பித்தது. நாங்கள் போனது மூன்றாவது தடவை நடந்தபோது. இதற்கென்று தனியாக மண்டபம் எதுவும் கட்டவில்லை. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் காலியாகக் கிடந்த பழைய கிடங்குகளையும் கம்பெனி பங்களாக்களையுமே காட்சிக்கூடம் ஆக்கிவிட்டார்கள். முக்கியமான இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867இல் ஆங்கில வியாபாரி ஒருவர் தொடங்கிய கம்பெனியின் வளாகம். தேங்காய் எண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள் என்று கப்பல் ஏறிய இடம்.

புதுமைக் கலை என்றால் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். புரியாததைப் பார்த்துத் தலையாட்டச் சொல்வார்களோ என்ற பயம்தான். முதல் அறையிலிருந்து வெளியே வந்ததும் மனைவியிடம் முணுமுணுத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஒரு பெரிய கிடங்கு. உள்ளே தரை முழுக்கக் கடல்நீர், முழங்காலுக்குக் கீழே வரை. செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் நடந்து எதிர்ச்சுவர் வரை போக வேண்டும். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டாவின் படைப்பு. 2015இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலனின் படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே படகு கவிழ்ந்ததில் அவனுடைய அண்ணன் காலிப்பும் தாயும் இறந்தார்கள். அந்த அண்ணனின் படத்தை உலகம் அப்படிப் பார்க்கவில்லை. இது அவனுக்காகச் செய்தது. சுவரில் சில வரிகள், காலடியில் நீர், வேறொன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். உள்ளே இறங்கும்போது கூச்சலிட்டவர்கள் பாதி தூரம் போனதும் அடங்கிவிட்டார்கள். என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. அதற்காகத்தான் பிடித்தாள் என்று நினைத்தேன்; வெளியே வந்த பிறகும் அவள் கையை விடவில்லை.

கூரையைப் பார்த்தேன். அதே மாதிரி ஓடு, அதே மாதிரி உத்தரம். இப்படிப்பட்ட கூரைகளுக்குக் கீழேதான் மூன்று வருஷம் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை கால்வத்தி சாலை வழியாக பஜார் ரோட்டுக்கு நடந்தோம். சுவர்களில் ஓவியங்கள், இடையிடையே அரிசி மண்டிகள், மசாலாக் கடைகள், மூட்டை இறக்கும் லாரிகள். ஒரு டீக்கடையில் இரண்டு டீ, இரண்டு பழம்பொரி. நாற்பது ரூபாய். நோட்டு செல்லாது என்று அறிவித்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம், ஞாபகம் இருக்கும். என் பையில் இருந்தது ஒரே ஒரு புது இரண்டாயிரம் ரூபாய். கடைக்காரரிடம் சில்லறை இல்லை. "சாரமில்ல சாரே, நாளெ தந்நா மதி" என்றார். பரவாயில்லை, நாளைக்குக் கொடுத்தால் போதும் என்று பொருள்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவன். ஜாமீன் இல்லாமல், கையெழுத்து இல்லாமல், பெயர்கூடக் கேட்காமல் ஒருவர் எனக்குக் கடன் கொடுத்தது அன்றுதான். அரை நாள் பயணியாக இருந்திருந்தால் அந்தக் கடனை வாங்கியிருக்கவே முடியாது. திருப்பிக் கொடுக்க நாளை என்று ஒன்று வேண்டுமே!

மறுநாள் காலை கடனை அடைக்கப் போனோம். பெஞ்சில் எழுபது வயது தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் சுமை தூக்கியவர். நான் பழைய வங்கி ஆள் என்று தெரிந்ததும் சிரித்தார். "நீங்க எண்ணின சாக்கெல்லாம் நாங்க வெச்சதுதான்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத் தொழிலாளி. அந்தக் காலத்தில் சாப்பா என்று ஒரு முறை. வேலைக்கான உலோக வில்லையைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு மட்டும் அன்றைக்கு வேலை. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். நான் வேலை பார்த்த கிளைக்கு அருகில் நடந்த சரித்திரம். மூன்று வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை, யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

"கண்காட்சி பார்த்தீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"மகன் உள்ளேதான் இருக்கான். ஆசாரிப் பணி. படம் மாட்டுற சட்டம், மேடை எல்லாம் அவனும் கூட்டாளிகளும் செஞ்சது. மூணு நாலு மாசம் நல்ல வேலை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா வீட்டு வாடகை ஏறுது. நம்ம தெருவிலே நாலு வீடு ஹோம்ஸ்டே ஆயாச்சு."

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதுதான். "செத்துக் கிடந்த ஊருக்குக் கலைஞர்கள் உயிர் கொடுத்தார்கள்" என்று பலர் பேசக் கேட்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. வியாபாரம் இடம் மாறியது, கிடங்குகள் காலியாயின, அதனால் கலைக்கு இடம் கிடைத்தது. அது நல்லதே. ஆனால் ஊர் ஒருநாளும் சாகவில்லை. தச்சரும் டீக்கடைக்காரரும் சுமை தூக்குகிறவரும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் இருப்பதால்தான் சுவரில் வரைந்த படத்துக்கும் ஒரு அர்த்தம் வருகிறது. வாடகை தாங்காமல் அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது சினிமா செட்தான்.

இதற்குப் பயணிகளாகிய நாமும் பொறுப்பு. அரை நாளில் மூன்று இடம் என்று ஓடுகிறவன் சுவரைப் படம் பிடிப்பான், சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்க மாட்டான். அவன் செலவழிக்கும் பணமும் வேன்காரருக்கும் பெரிய ஹோட்டலுக்கும் போய்விடும்.

மூன்றாம் நாள் கோட்டைக் கொச்சியில் உள்ள தோபி கானாவுக்குப் போனோம். தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்த வண்ணார் குடும்பங்கள் அங்கே துணி துவைக்கிறார்கள். டச்சுப் படையின் உடுப்புகளைத் துவைக்க முன்னோர்களை அழைத்து வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. வரிசையாகத் துவைகல் தொட்டிகள், கஞ்சி போட்ட வேட்டிகள், கரிப் பெட்டியில் தேய்க்கும் பெரியவர்கள். காயப்போட்ட துணிக்கு கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் அசையாது. என் மனைவி ஒரு அம்மாளிடம் தமிழில் "கஞ்சி எப்படிக்கா இவ்வளவு பதமா வருது?" என்று கேட்க, அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். அந்த வெள்ளை வேட்டி வரிசைகளையும் நான் பார்த்த கண்காட்சியோடுதான் சேர்த்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அரண்மனை. போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர்கள் புதுப்பித்து, கொச்சி ராஜாக்கள் பயன்படுத்திய மாளிகை. ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க ஓடுகிறது. காவியும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு விரற்கடை இடம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். மனைவி ஒவ்வொரு சுவராக நின்று நின்று பார்த்தாள். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவசரப்படுத்தும் தகுதி எனக்கு ஏது?

வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. அப்ப முழங்கால் வலி இல்லாம பார்த்திருப்பேன்" என்றாள்.

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

இனி நண்பருக்கும், போக நினைக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், வெயில் தாங்கும். கோட்டைக் கொச்சியில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். குடும்பத்தோடு வீட்டுக்காரர்கள் வாழும் விடுதியாகப் பாருங்கள். எர்ணாகுளத்திலிருந்து அரசுப் படகில் போங்கள், டிக்கெட் சில ரூபாய்தான், காற்று இலவசம். காலையில் சீன வலை இழுக்கும்போது போய் நில்லுங்கள். எத்தனை பேர் சேர்ந்து இழுக்கிறார்கள், கல் எடைகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பாருங்கள். அரண்மனைக்கு வெள்ளியும் யூதர் கோயிலுக்குச் சனியும் விடுமுறை, கவனம். கழற்றி மாட்ட வசதியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கலை புரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், அங்கே நிற்கும் இளைஞர்களைக் கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்கள். எனக்கும் பாதிதான் புரிந்தது.

சாமான் வாங்குவதென்றால் பஜார் ரோட்டில் கால் கிலோ மிளகு வாங்குங்கள். டீ குடித்த கடையில் மறுநாளும் டீ குடியுங்கள்.

இதையெல்லாம் நேற்று நண்பரிடம் சுருக்கமாகச் சொன்னேன். காகிதத்தை எடுத்து தேக்கடியை அடித்துவிட்டு, கொச்சி என்பதற்கு எதிரே ஒன்றரை நாள் என்று எழுதினார். ஒரு நாள் கூடியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அதை வாங்கி, ஒன்றரையை இரண்டாக்கிக் கொடுத்தார்.