விலை கொடுத்து வாங்கிய எசமான்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. நோயுற்றோர்க்கு நற்கருணை கொண்டுசெல்லும் நாள். ஒரு வீட்டிற்குள் நுழைகிறோம். கட்டிலில் மூதாட்டி, அருகே வெள்ளைத்துணி விரித்த முக்காலி, அதன்மேல் பாடுபட்ட சுரூபம், எரியும் மெழுகுதிரி. எல்லாம் முறைப்படி ஆயத்தமாயிருந்தன. ஆனால் எதிர்ச்சுவரில் முந்தைய இரவின் நெடுந்தொடர் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் வீட்டார் ஓசையைக் குறைத்தனர், படத்தை நிறுத்தவில்லை. நற்கருணையை உயர்த்திக் காட்டினோம். மூதாட்டியின் கண்கள் அதன்மேல் இருந்தன. கட்டிலைச் சூழ நின்றோரின் கண்களோ நம் தோளைத் தாண்டிச் சுவருக்குச் சென்று சென்று மீண்டன.

வெளியே வருகையில் குடும்பத் தலைவரிடம் மெல்லக் கேட்டோம். "காசு கட்டியிருக்கோம்ல சாமி, சும்மா எதுக்கு அணைச்சுப் போடணும்?" என்றார். அவர் துடுக்காகப் பேசவில்லை. வெள்ளை உள்ளத்தோடு உண்மையைச் சொன்னார். அந்த உண்மைதான் நம்மை எழுதத் தூண்டுகிறது.

காசு கட்டியதனால் பார்த்தாக வேண்டும்! எவ்வளவு விந்தையான அடிமைத்தனம் இது! அடிமை எசமானுக்கு விலையாவதைப் பழைய உலகம் கண்டது. அடிமையே விலை கொடுத்துத் தனக்கொரு எசமானை வாங்கி நடுவீட்டில் அமர்த்துவதை நம் காலம் காண்கிறது.

இந்த எசமான் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னாளில் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. வெள்ளி இரவு 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் கூடும். நிகழ்ச்சி முடியும், பெட்டி அணையும், மக்கள் கலைவர். 1990-களில் செயற்கைக்கோள் வழியாகத் தனியார் அலைவரிசைகள் வந்தன. 2006-இல் தமிழக அரசு ஏழை இல்லங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கியது. பெட்டி இலவசமாக வந்தது. இணைப்பு இலவசமாக வரவில்லை. அன்று முதல் அரிசிக்கும் மருந்துக்கும் நடுவே மாதக் கட்டணம் ஒன்று நம் ஏழைகளின் கணக்கில் குடியேறியது. முடிவில்லாத நிகழ்ச்சிகளும் உடன் குடியேறின.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டின் செலவு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,600. இருநூறு குடும்பங்கள் உள்ள பங்கில் அது 7,20,000 ரூபாய். கட்டணம் கட்ட இயலாமல் கல்லூரிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் அதே பங்கில் இல்லை என்று நம்மால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா?

தொலைக்காட்சியை உடைத்தெறியுங்கள் என்று நாம் கூறவில்லை. திருச்சபை ஒருபோதும் அப்படிக் கூறியதில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டு, அவற்றின் நன்மையை ஏற்றுக்கொண்டது. அளவோடு பயன்படுத்தும் கடமையையும் நினைவூட்டியது. 1994-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் புனித இரண்டாம் அருள் சின்னப்பர், சில வேளைகளில் பெட்டியை அணைப்பதே பிள்ளைகளுக்குத் தரும் பயிற்சி என்று பெற்றோருக்கு உணர்த்தினார். நாம் கேட்பது அதனினும் எளியது: கட்டண அலைவரிசைகளை விட்டுக் கட்டணமில்லா ஒளிபரப்புக்கு மாறுங்கள்.

வழி இருக்கிறது. தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' சேவை 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. டிஷ்ஷையும் செட்டாப் பெட்டியையும் ஒருமுறை வாங்கினால் போதும்; மாதக் கட்டணம் இல்லை. கேபிளை விட மனமில்லாதோர்க்கும் வழியுண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனி விலை குறிக்கப்பட வேண்டும். வேண்டியதை மட்டும் தேர்ந்துகொள்வது பார்ப்போரின் உரிமை. இணைப்புக் கட்டணத்தை மட்டும் செலுத்திக் கட்டணமில்லா அலைவரிசைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவ்வாறு தேர்ந்தோம்? கேபிள்காரர் கட்டிக்கொடுத்த மூட்டையை அவிழ்த்தும் பாராமல் சுமக்கிறோம்.

மறுப்புகள் எழும். அறிவோம். "அதில் தமிழ் குறைவு, இந்தியே நிறைந்திருக்கிறது" என்பர். மெய்தான், நாம் மறைக்கவில்லை. ஆனால் குறைவாக இருப்பதையே நாம் வரமென்று கருதுகிறோம். பார்க்க ஒன்றும் இல்லாத மாலைப்பொழுதில்தான் தந்தை மகனின் முகத்தைப் பார்க்கிறார். "அரசின் குரல்தானே கேட்கும்?" என்பர். ஆம், எனவே நாளிதழ் வாசியுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. "கிரிக்கெட்?" என்பர் இளைஞர். நாட்டுக்கு முக்கியமான போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. "இலவசம் என்பதும் பொய்தானே, விளம்பரக்காரர் நம் கண்களை விலைக்கு வாங்குகிறாரே" என்பர் அறிந்தோர். அதுவும் மெய். எனினும் கட்டிய காசு வீணாகிறதே என்ற உறுத்தல் அங்கே இல்லை. அணைப்பதற்குக் கை கூசாது.

ஒரு மறுப்புக்கு மட்டும் நம்மிடம் எளிய விடை இல்லை. கட்டணத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தையே கைப்பேசியின் படச் சந்தாக்களுக்குக் கட்டுவோமாயின் என்ன பயன்? வெளியேறிய தீய ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த வீட்டைப் பற்றி நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். கூட்டிப் பெருக்கிய வீட்டை வெறுமையாக விட்டதே அங்கு நேர்ந்த பிழை. ஆகவே மீளும் நேரத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். செபமாலையா, பிள்ளையின் பாடமா, அன்பியக் கூட்டமா, பக்கத்து வீட்டு நோயாளியா?

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி யார் தெரியுமா? அசிசி நகர் புனித கிளாரா. 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வாறு அறிவித்தார். நோய்ப்படுக்கையில் கிடந்த கிளாரா, தாம் செல்ல இயலாத கோவிலின் கிறிஸ்து பிறப்புத் திருவழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. எதையும் உடைமையாக்கிக் கொள்ளாத வறுமைக்காக அவர் வாழ்நாளெல்லாம் போராடினார். அவ்வறுமையைப் போற்றும் ஒழுங்குக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் 1253-இல் அவர் இறக்கும் தறுவாயில்தான் கிடைத்தது. ஒன்றுமில்லாதவருக்குச் சுவரில் திருப்பலி தெரிந்தது. எல்லாம் கட்டி வாங்கிய நமக்கோ, வீட்டிற்குள் வந்த நற்கருணையும் தெரியவில்லை!

குருக்களாகிய நாமும் குற்றமற்றவரல்லர். பங்கு இல்லத்திலும் விளையாட்டு அலைவரிசைகள் அனைத்தும் அடங்கிய தொகுப்பு நெடுநாள் இருந்தது. மணி அடித்த பின்னும் ஒரு பந்து, இன்னும் ஒரு பந்து என்று பூசையுடுப்பு அறைக்கு ஓடிய மாலைகளை மறைப்பதற்கில்லை. அதை நிறுத்திய பிறகே இவ்வரிகளை எழுதத் துணிந்தோம்.

இம்மாதக் கட்டணம் கேட்டு வருபவரிடம், அடுத்த மாதம் முதல் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓராண்டு சொல்லிப் பாருங்கள். மிஞ்சும் பணத்தில் பாதியையேனும் உங்கள் அன்பியத்தில் படிப்பு நின்ற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அடுத்த முறை ஆண்டவர் உங்கள் வீட்டுக் கட்டிலருகே வரும்போது, சுவர் வெறுஞ்சுவராக இருக்கட்டும்.