பாண்டிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

"லீவுக்குப் பாண்டி போறோம்" என்று யாராவது சொன்னால் போதும், தமிழ்நாட்டில் கேட்பவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வந்துவிடும். அடுத்த கேள்வி, "குடும்பத்தோடவா?!"

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே மதுவுக்கு வரி குறைவு, அதனால் விலை குறைவு, அதனால் சனிக்கிழமை ஆனால் ஈ.சி.ஆர். ரோட்டில் பைக் ஊர்வலம். இந்த ஒரே விஷயத்தை வைத்து ஒரு ஊருக்கே பெயர் சூட்டியாகிவிட்டது. ஊருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, அதற்கு வர வேண்டிய வருமானம் வந்துகொண்டுதான் இருக்கிறது. நஷ்டம் யாருக்கு என்றால், மே மாதத்தில் மூன்று நாள் எங்கேயாவது போகலாம் என்று உட்கார்ந்து யோசித்து, "பாண்டியா? அது ஆம்பளைங்க போற இடம்" என்று அடித்துவிட்டு, கைக்காசை எல்லாம் போட்டு ஊட்டிக்குப் போய் டிராஃபிக்கில் நிற்கும் குடும்பத்துக்கு. (2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.)

சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. தூரத்தில் ஒரு நல்ல கடற்கரை இருக்கிறது. அதைக் குடிக்கிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிப் போவானேன்?

சரி, துணிந்து வருகிற குடும்பங்கள் என்ன செய்கின்றன? விடியற்காலை 3 மணிக்கு அம்மா எழுந்து புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, டிபன் கேரியரில் கட்டி, எல்லோரையும் வேனில் ஏற்ற வேண்டும். மணக்குள விநாயகர், ஆசிரமம், தாவரவியல் பூங்கா, ஆரோவில், சுண்ணாம்பாறு போட் ஹவுஸ், கடைசியில் இருட்டுகிற நேரத்தில் பீச். ஒரே நாளில் ஆறு இடம். பாட்டிக்கு முழங்கால் போய்விடும், சின்னது வாந்தி எடுக்கும், அப்பா பார்க்கிங் தேடி அலைவார். இதற்குப் பெயர் லீவு இல்லை, ஆடிட்டிங். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போவது :-)

கடலோரத்துக்குப் போகிற குடும்பம் இடங்களைக் குறைத்து, கடலுக்கு நேரத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு ஊருக்கு நடுவில் தங்குவதைவிட 12 கி.மீ. வடக்கே காலாப்பட்டுப் பக்கம் தங்குவது வசதி. 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பதால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஊரைவிட இரவு அமைதி. தெற்கே போனால் நகரம், வடக்கே போனால் மரக்காணம்.

போகிற வழியே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. புதுச்சேரி டவுனை விட்டால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், அதுவும் தமிழ்நாடு. பிறகு பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் கையில் துண்டு துண்டாக இருந்த ஊர்களை 1954இல் அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போனதால் வந்த எல்லைக்கோடு இது. கடைப் பலகைகளில் முகவரியைப் பார்த்து "இப்ப எந்த மாநிலம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது.

இனி முக்கியமான விஷயம்: குளிப்பது.

கடல் என்றால் குளியல் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நீச்சல் தெரியாதவர்கூடப் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கி, ஐந்து நிமிடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். இந்தக் கரையில் அது ஆபத்து. பல இடங்களில் கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடும். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் ஒரு குறுகலான வழியில் திரும்பக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருப்பதால் பார்வைக்கு அதுதான் சாதுவான இடம் போலத் தெரியும். பிள்ளையை அங்கேதான் இறக்குவார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடத் தோன்றும். அப்படிச் செய்தால் கை ஓய்ந்துபோகும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டு கையை ஆட்டிக் கூப்பிட வேண்டும். நீச்சலே தெரியாதவருக்கு இதெல்லாம் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, முழங்காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அப்போது கால் நனைப்பதோடு சரி.

லீவு முடிந்த வாரத்தில் "சுற்றுலா வந்த மாணவர் கடலில் மூழ்கி பலி" என்ற பெட்டிச் செய்தி வராத வருடம் உண்டா? அந்தச் செய்தியில் எப்போதும் நான்கைந்து நண்பர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். குடியும் கடலும் சேர்கிற இடத்தில்தான் பாதி விபத்து. "குடும்பத்தோட வர்ற இடமில்லை" என்று சொல்கிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

குளித்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், நகரத்துக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச் இருக்கிறது. 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை. உயிர்காப்பாளர், கழிப்பறை, உடை மாற்ற இடம், தண்ணீர்ச் சோதனை எல்லாம் இருந்தால்தான் அந்தச் சான்றே கொடுப்பார்கள். கொஞ்சம் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். அலைமேல் பலகையில் நிற்க ஆசைப்படுகிற பெரிய பிள்ளைகளுக்குத் தந்திராயன்குப்பத்தில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். தானாக இறங்குவதைவிடக் கற்றுக்கொண்டு இறங்குவது எவ்வளவோ மேல்.

காலாப்பட்டில் காலை 6 மணிக்குக் கரைக்குப் போனால் வேறு காட்சி. ஃபைபர் படகுகள் திரும்பி வரும் நேரம். வலையை உதறி, மீனைக் கொட்டி, அங்கேயே மணலில் ஏலம். கூடைக்கார அம்மாக்கள் விலை கேட்கிற வேகத்தைப் பார்த்தால் வணிகவியல் படிக்கிறவனுக்குத் தேவை, அளிப்பு பாடமெல்லாம் அரை மணியில் புரிந்துவிடும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சரியாகக் கோடை லீவில் வருகிற தடை அது. அளிப்பு குறைந்து விலை ஏறியிருக்கும், ஆகவே "கடற்கரை ஊர்லயே மீன் இவ்வளவு விலையா!" என்று ஓட்டல்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மீனவர்களிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால் நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று பெயர் சொல்வார்கள், அன்றைக்குக் கடல் எப்படி என்றும் சொல்வார்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். காயப்போட்ட வலையை மிதித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பது அசிங்கம்.

ஒரு முற்பகலை வடக்கே கொடுக்கலாம். மரக்காணத்தில் சாலையோரமே உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வெள்ளைக் குவியல்கள். டப்பாவில் பார்த்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பக்கத்தில் கழுவேலி ஏரி, 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. குளிர்காலத்தில் வந்தால் பறவை உண்டு, மே மாதத்தில் வந்துவிட்டுத் திட்டக்கூடாது.

இன்னும் வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை. 1750இல் துய்ப்ளேக்குக் கிடைத்து, 1760இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் இடிபட்ட கோட்டை. மிச்சமிருப்பது செங்கல் சுவர்களும் முகத்துவாரமும் மட்டுமே. டிக்கெட் கியூ கிடையாது, கைடு தொல்லை கிடையாது. மகாபலிபுரத்தில் வெயிலில் வரிசையில் நிற்பதற்கு இது எத்தனையோ பரவாயில்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நகரத்துக்கு ஒரு மாலை போதும். பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், பாட்டியும் பேரனும் நடுரோட்டில் நடக்கலாம். அங்கே பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு மணல் தெரிகிறதே, அதற்குப் பின்னால் ஒரு கதை. 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புகள், வடக்கு நோக்கி நகர்கிற மணலை நிறுத்திவிட்டன. நகரத்தின் கடற்கரை மொத்தமும் கரைந்தது. கல்லைக் கொட்டிச் சுவர் போட்டார்கள், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது, அங்கும் கல், அது இன்னும் வடக்கே. இப்படியே பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வீடுகள் போயின. 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்த பிறகுதான் அந்த மணல் திரும்பி வந்தது. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும்போது இதையும் சொல்லி வைக்கலாம்.

அரிக்கமேடு போகிறவர்கள் முதலில் நகரத்து அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது வெளிவந்த ரோமானியத் தொடர்புகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் இடத்தில் போய் நின்றால் மாந்தோப்பும் இரண்டு பழைய தூண்களும்தான். ஜாடிகளையும் மணிகளையும் பார்க்காமல் நேரே அங்கே போனால் "இதுக்கா வந்தோம்?" என்று கேட்காத பிள்ளை கிடையாது.

வேல்ஸ் நாட்டில் 2012இல் கரையோரம் முழுக்க நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள், சுமார் 1,400 கி.மீ. யார் வேண்டுமானாலும் பிள்ளைகுட்டியோடு கடலைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். இங்கே காலாப்பட்டிலிருந்து பத்து நிமிடம் வடக்கோ தெற்கோ நடந்தால் கருங்கல் குவியல் மறிக்கும், அல்லது ஒரு ரிசார்ட்டின் வேலி. நடைபாதைகூட வேண்டாம், சுத்தமான கழிப்பறை வந்தால் போதும். ஈ.சி.ஆரில் எத்தனை பீச்சுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறது, எத்தனை இடத்தில் பெண்கள் போக ஒரு கதவு இருக்கிறது? அம்மாக்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் லீவைக் கழிப்பது இதனால்தான். சுற்றுலாத் துறைக்கு மதுவில் வருகிற வரியைப் போலவே வேனில் வருகிற குடும்பமும் வருமானம்தான் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதுவரை பெட்ரோல் பங்க்கையும் ஓட்டலையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வதே வழி.

தேதி பார்க்கும்போது முடிந்தால் பௌர்ணமி பார்த்து வாருங்கள். கிழக்குக் கரையில் சூரியன் மறைவதைக் கடலில் பார்க்க முடியாது, ஆனால் பௌர்ணமி அன்று பொழுது சாயும் நேரத்தில் நிலா தண்ணீருக்குள்ளிருந்து சிவப்பாக எழும். செலவு, சுண்டல் காசு. அன்றைக்குப் புளியோதரை வேண்டாம், அம்மாவும் சும்மா உட்காரட்டும். திரும்பும்போது மட்டும் ஞாயிறு மாலை சென்னை பஸ்ஸை நம்ப வேண்டாம், காலாப்பட்டில் ஏறினால் நின்றுகொண்டேதான் போக வேண்டியிருக்கும். திங்கள் விடியற்காலை வண்டி காலியாக வரும்.